குத்தூசிக்கும் எடைமேடைக்கும் நடுவில்

சவுதியில் ட்ரெய்லர் ஓட்டிய வருஷங்களில் நான் ஏற்றிய சரக்கு எதுவும் வழியில் இளைத்ததில்லை. கம்பி ஏற்றினால் இறக்கும்போதும் அதே கம்பி. சிமெண்ட் ஏற்றினால் அதே சிமெண்ட். வெயிலில் டயர் வெடிக்கும், தலை வெடிக்கும், சரக்கின் எடை மட்டும் அசையாது. ஊர் திரும்பி, தஞ்சாவூர் முதலாளி ஒருவரின் பன்னிரண்டு சக்கர லாரியில் நெல் ஏற்றத் தொடங்கிய பிறகுதான், சரக்கு மூச்சு விடும், வேர்க்கும், சமயம் பார்த்து ஓட்டுகிறவனையே மாட்டிவிடும் என்று தெரிந்தது.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே. மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிப்பதால் வீட்டில் நானும் மனைவியும்தான். மனைவி குத்தகைக்கு நிலம் பிடித்துத் தானே நின்று சாகுபடி செய்கிறவள். நடவுக்கு ஆள் பேசுவது, மடை திறப்பது, அறுப்பு மிஷின்காரனிடம் போனில் சண்டை போடுவது எல்லாம் அவள்தான். நான் வயலுக்கு விருந்தாளி. பெண் கேட்டுப் போன காலத்தில் அவளுடைய அப்பா ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் தயங்கினாராம். டிரைவர் என்றால் சரக்கில் கை வைப்பானே என்று. நாலு இடத்தில் விசாரித்து, 'இந்த ஆள் அப்படி இல்லை' என்று யாரோ சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அந்த யாரோ ஒருவருடைய வாக்கை இத்தனை வருஷமாக நான் காப்பாற்றி வந்தேன். வாய்க்காலில் துணி துவைக்கும்போது மற்ற பெண்களிடம் அவள், "எங்க வீட்டுக்காரர் லோடுல ஒரு துண்டுக் கம்பிகூட எடுத்ததில்ல" என்று சொல்வாள். அதைக் கேட்பதற்காகவே வேலை எதுவும் இல்லாமல் கரையில் நின்றிருக்கிறேன். வெட்கம்தான், ஆனால் நின்றிருக்கிறேன்.

இந்தச் சங்கடம் தொடங்கியது ஒரு தை மாதக் கடைசியில். அறுவடை நேரத்தில் வரக்கூடாத மழை வந்து போயிருந்தது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் நெல் ஏற்றி, வடக்கே தருமபுரியைத் தாண்டி இருக்கும் ஓர் அரவை ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். திறந்த வெளியில் படுதா போட்டு மூடியிருந்த சிப்பங்களை, அதாவது நாற்பது கிலோ மூட்டைகளை, லோடுமேன்கள் தலையில் தூக்கி வந்து அடுக்கினார்கள். சாக்கின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். சொதசொதவென்று இல்லை, ஆனால் குளிர்ந்திருந்தது.

"ஈரமா இருக்குற மாதிரி தெரியுதே" என்றேன் எடை போட்டவரிடம்.

"மிஷின்ல ஈரம் பாத்துதாங்க வாங்குனது. அதுக்கப்புறம் மழை வந்தா நாங்க என்ன பண்றது? நீங்க ஏத்துங்க."

அவர் சொன்னது நியாயம். மழைக்கு அவரா பொறுப்பு? மழைக்கு யாரும் பொறுப்பில்லை என்பது அப்போது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பொறுப்பில்லாத விஷயம் எதுவாக இருந்தாலும் அது கடைசியில் டிரைவர் தலையில் வந்து உட்காரும் என்று.

பாரம் ஏற்றின வண்டியைப் பற்றி வெளியாட்களுக்கு ஒன்றும் தெரியாது. வெறும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். பாரம் ஏறிவிட்டால் அது உங்களிடம் ஒரு வார்த்தை பேச அரை மைல் யோசிக்கும். பிரேக்கை மிதித்தால் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்கிற மாதிரி வந்து நிற்கும். அதுவும் நம்ம பக்கத்துச் சாலைகள் முக்கால்வாசி ஆற்றங்கரை, வாய்க்கால் கரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் மாட்டு வண்டிக்காகப் போட்ட அகலம். எதிரே பள்ளிக்கூட வேன் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வேன்காரர் ஒருபோதும் போக மாட்டார். அன்றைக்கும் ஒரு மதகுக்குப் பக்கத்தில் ஒதுங்கப்போய் இடது பின்சக்கரம் கரையில் இறங்கிவிட்டது. டிராக்டர் வந்து இழுக்கும்வரை ஊரே கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது. வண்டி ஓட்டத் தெரிந்தவர் அதில் ஒருவரும் இல்லை.

தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல், சேலம். தொப்பூர் கணவாயில் ஏறும்போது பின்னால் கார்க்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள், ஏதோ நான் வேண்டுமென்றே நடந்துபோகிற மாதிரி. என்ஜின் சூடு காலில் ஏற, இடுப்பு மரத்துப்போக, 'இறக்கி வைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்' என்ற ஒரே நினைப்போடு ஆலை வாசலில் போய் நின்றேன்.

ஆலையில் முறை இப்படி. வாசலில் ஒரு பையன் குத்தூசி வைத்துக்கொண்டு நிற்பான். லோடின் மேலும் பக்கவாட்டிலும் அங்கங்கே சாக்கைக் குத்துவான். ஊசியின் குழிக்குள் வரும் நெல்லை மிஷினில் வைத்து ஈரம் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் உள்ளே வரிசையில் நிற்கலாம். வரிசை நகர்ந்து நகர்ந்து எடைமேடைக்குப் போகும். எடை போட்டு இறக்கினால் வேலை முடிந்தது.

என்னுடைய நெல் ஊசியிலேயே மாட்டிக்கொண்டது. மேற்பார்வையாளர் மிஷினைப் பார்த்துவிட்டு, "ஈரம் ஜாஸ்திங்க. திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க" என்றார், ஏதோ பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவனிடம் சொல்வதுபோல.

கொள்முதல் நிலையத்துக்குப் போன் போட்டேன். ஏற்றி அனுப்பிவிட்டால் அது அவர்கள் நெல் இல்லையாம். ஆலையில் கேட்டேன். இறக்காதவரை அது அவர்கள் நெல்லும் இல்லையாம். அறுத்து விற்றவர்கள் ரசீது வாங்கிக்கொண்டு எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் இது யாருடைய நெல்? எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. முதலாளிக்குப் போன் போட்டால், "அங்கயே இருந்து எப்படியாவது இறக்கிட்டு வாங்க" என்றார். எப்படியாவது என்றால் எப்படி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

எப்படியாவது என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நம்ம ஊரில் நெல் ஈரமாக இருந்தால் என்ன செய்வார்கள்? காய வைப்பார்கள். தார்ச்சாலையில் கொட்டிப் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு காய வைப்பார்கள். தைத்த சாக்கைப் பிரிக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட்டு, பகல் முழுவதும் லோடோடு வண்டியைப் புறவழிச் சாலையில் மேலும் கீழும் ஓட்டினேன். காற்றுப் படட்டும், வெயில் படட்டும் என்று. டீசல் முள் இறங்கிக்கொண்டே போனது. டீக்கடையில் நின்ற வேறொரு டிரைவர், "என்னண்ணே, நெல்ல ஊர்வலம் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் அழுகைதான் வந்தது. மறுநாளும் அதே ஊர்வலம்.

அதற்கு அடுத்த நாள் காலையில் ஊசி என்னை உள்ளே விட்டது. அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, மகள் பிறந்தபோதுகூட அவ்வளவு இல்லை என்று சொன்னால் வீட்டில் அடி விழும். வரிசையில் வண்டியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். வரிசை ஓரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. டிரைவர்கள் அங்கே குளித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் பக்கெட்டில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு லோடின்மேல் ஏறினார்கள். மூட்டையில் கிடந்த நெல் புழுங்கிச் சூடாகும், அதை ஆற்றுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

எடைமேடையில் என் வண்டி குறைந்தது. சிப்பங்கள் எண்ணிக்கை சரி. எடைதான் இல்லை. பத்து, பதினைந்து சிப்பத்துக்கான எடையே காணோம்.

"காய்ஞ்சிருக்குங்க" என்றேன். "நீங்கதான காயணும்னு சொன்னீங்க?"

மேற்பார்வையாளர் சீட்டில் எழுதிக்கொண்டே, "எல்லா டிரைவரும் அதைத்தான் சொல்றாங்க" என்றார்.

நெல் காய்ந்தால் எடை குறையும் என்பது தஞ்சாவூர் ஜில்லாவில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். அந்த மேற்பார்வையாளருக்கும் தெரியும். நெல்லிலேயே பிறந்து நெல்லிலேயே உட்கார்ந்திருப்பவர். ஆனால் சீட்டில் அதற்கு இடமில்லை. ஏற்றிய எடை என்று ஒரு கட்டம், இறக்கிய எடை என்று ஒரு கட்டம், நடுவில் இருப்பவன் நான். ஈரமாக இருந்தால் உள்ளே வராதே, காய்ந்திருந்தால் நீ திருடன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல் இருந்தால் யாராவது எனக்குக் காட்டுங்கள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் இதே யோசனை. காற்றில் எவ்வளவு போயிருக்கும்? அவ்வளவுமா? நான் தூங்கிய நேரத்தில் எவனாவது சாக்கின் மூலையில் குழாயைச் சொருகி உருவியிருந்தால்? கயிற்று முடிச்சு நான் போட்டபடியேதான் இருந்தது. இருந்ததா? முடிச்சை நான் சரியாகப் பார்த்தேனா? சேலம் தாண்டும்போது எல்லாம் காற்றில் போனதுதான் என்று உறுதியாக இருந்தேன். நாமக்கல் வருவதற்குள் அந்த உறுதி போய்விட்டது. திருச்சிக்கு முன்னால் ஒரு இடத்தில், நானே தூக்கத்தில் எழுந்துபோய் விற்றுவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. சிரிக்காதீர்கள். பல நாள் சரியாகத் தூங்காத மனுஷனுக்கு எதுவும் தோன்றும்.

தஞ்சாவூரில் முதலாளியின் ஷெட்டில் வண்டியை நிறுத்தினேன். திட்டுவார், சாவியை வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார்.

"பரவால்லங்க. பழைய டிரைவர் இதைவிட ஜாஸ்தி எடுப்பான். நீங்க அளவாதான் எடுத்திருக்கீங்க."

"நான் எடுக்கல."

"நான் கேக்கலையே."

"கேக்கலன்னாலும் சொல்றேன். எடுக்கல. காய்ஞ்சு போச்சு."

"சரி, காய்ஞ்சுதான் போச்சு. இருக்கட்டும். அடுத்த தடவை அந்தத் தொட்டியப் பாருங்க. ஊசிக்கு அப்புறம், மேடைக்கு முன்னாடி. எதுக்குக் கட்டி வச்சிருக்கான்னு நெனைக்கிறீங்க?" என்றவர், கிளம்பும்போது சாதாரணமாகச் சொன்னார். "ஆலையிலேருந்து சொன்னதுமே வீட்டுக்கும் போன் பண்ணிட்டேன். உங்க போன் அணைஞ்சு கெடந்துச்சு, அவங்க பதறிட்டு இருந்தாங்க. எடை கொஞ்சம் இடிக்குது, பயப்பட ஒண்ணுமில்லம்மா, எல்லா டிரைவரும் எடுக்கறதுதான்னு சொன்னேன்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அடித்திருந்தால் கையையாவது பிடித்திருப்பேன். செய்யாத காரியத்துக்கு மன்னித்துவிட்டாரே, அதற்கு என்ன செய்வது? நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தெருவில் காய வைத்திருந்த எங்கள் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "சாப்டீங்களா?" என்பாள். அன்றைக்கும் கேட்டாள். சோறு போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, ஊசி, புறவழிச் சாலையில் நெல் ஊர்வலம், சீட்டின் இரண்டு கட்டம், எல்லாம். ஊர்வலத்துக்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டாள்.

"நானும் வருஷா வருஷம் காய வைக்கிறவதான். காஞ்சா குறையும். தெரியாம இல்ல" என்றாள். குழம்பை ஊற்றினாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அதுல காஞ்சது எவ்வளவுங்க, எடுத்தது எவ்வளவு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு மணி நெல் எடுக்கலன்னு சொல்றேன், நீயுமா?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"சரிங்க" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. அந்தச் 'சரிங்க'வை நான் இன்றுவரை மறக்கவில்லை. நம்பிய குரலா, நம்பாத குரலா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு வாய்க்கால் கரையில் அவள் துண்டுக் கம்பிப் பேச்சை எடுக்கவில்லை. நான் இரண்டு தடவை நின்று பார்த்தேன்.

அடுத்த லோடு மாசி மாத நல்ல வெயிலில். நெல் கலகலவென்று காய்ந்திருந்தது. வாசலில் ஊசி ஒரு தடவையிலேயே விட்டுவிட்டது. வரிசையில் நின்றேன். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. ஏற்றும்போதே காய்ந்த நெல், அதற்குமேல் சேலம் வெயிலில் வந்திருக்கிறது. எப்படியும் குறையும். முதலாளி மறுபடி மன்னிப்பார். வீட்டில் மறுபடி 'சரிங்க' வரும். ஒரு தடவை குறைந்தால் காற்று என்று சொல்லலாம், இரண்டாம் தடவையும் குறைந்தால் நானே என்னை நம்ப மாட்டேன்.

தொட்டியில் முகம் கழுவப் போனேன். அதற்காகத்தான் போனேன். பக்கெட் அங்கேயே இருந்தது. ஆலைக்குப் போகிற நெல்லில் தண்ணீர் ஊற்றுவது திருட்டுத்தானே? தண்ணீரை நெல் என்று சொல்லி எடைக்கு வைப்பது வேறென்ன? ஆனால் காற்று எடுத்துக்கொண்டதைத் தொட்டியிலிருந்து திருப்பி வைக்கிறேன், அவ்வளவுதான் என்றும் தோன்றியது. இரண்டும் சரியாகவே பட்டது. பின்னால் நின்ற வண்டிக்காரர், "ஊத்துறதுனா சீக்கிரம் ஊத்துங்கண்ணே, நானும் ஊத்தணும்" என்றார், குழாயடியில் குடத்துக்கு அவசரப்படுகிறவர் மாதிரி.

பக்கெட்டோடு லோடின்மேல் ஏறினேன். ஏறிய பிறகு இன்னொரு குழப்பம். எத்தனை பக்கெட்? எடுத்தவனுக்கு எடுத்த அளவு தெரியும், அதே அளவுக்கு ஊற்றுவான். எடுக்காத நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? குத்துமதிப்பாக ஊற்றினேன். சாக்கு சத்தமில்லாமல் குடித்தது. ஈர நெல் வாசனை மேலே வந்தது. எங்கள் தெருவில் மழை வந்தால் வருகிற அதே வாசனை. காலிப் பக்கெட்டைப் பின்னால் நின்றவரிடம் இறக்கிக் கொடுத்தேன்.

எடைமேடையில் வண்டி நின்றது. மேற்பார்வையாளர் எண்ணைப் பார்த்தார், இரண்டு கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே எண்ணை எழுதினார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அதையும் அவர் பார்க்கவில்லை.

வெறும் வண்டி திரும்பும்போது சாலையில் துள்ளும். அன்றைக்கு ஒவ்வொரு துள்ளலும் நெஞ்சில் இடித்தது. முதலாளி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதாங்க விஷயம்" என்று தோளைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி சோறு போட்டாள். நான் பேச்சைத் தொடங்கவில்லை. அவளே கேட்டாள்.

"எடை?"

"சரியா இருந்துச்சு."

அவள் முகம் தெளிந்தது. வாரக்கணக்காக அந்த முகத்தில் இல்லாத ஒன்று திரும்பி வந்து உட்கார்ந்ததை நான் நேராகப் பார்த்தேன். தண்ணீர்ப் பக்கெட்டைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பல நாள் சொல்ல நினைத்ததைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"இனிமேயும் இப்படியே இருங்க. அது போதும் எனக்கு."

சரி என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள், சாப்பிட்டேன்.